சம்பா விதை வேலை தொடங்கியதும் பார்க்கலாம்

ஜூலை 2, புதன்

மீன்குழம்பு கொதிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வாசல்படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. விண்ணப்பம் அனுப்பி இன்றோடு ஆறு நாள்.

எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் வருடம் எல்லோரும் ஆகஸ்ட் மாதம் வெளியே எங்காவது ஒரு மாதப் பயிற்சி செய்ய வேண்டும். அந்த இடத்திலிருந்து சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் வாங்கி, ஜூலை 18க்குள் துறையில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு நூலகத்தில் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதும் தண்டனை. வகுப்பில் பாதிப் பேர் ஏதாவது நர்சரியில் கடிதம் வாங்கிவிட்டார்கள். எனக்கு நர்சரி வேண்டாம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் இருக்கிற விதைக் கம்பெனியின் ஆய்வகம்தான் வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒருவரை எடுப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. போன வருடம் போன அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறார்.

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அப்பா வாங்கிய விதை முளைக்கவில்லை. நாற்றங்கால் முழுக்க வெறும் சேறு. அதிலிருந்து ஒவ்வொரு பருவமும் நூறு விதையை ஈரச்சாக்கில் வைத்து, முளைத்தது எத்தனை என்று எண்ணிச் சொன்ன பிறகுதான் அப்பா விதை விடுவார். இதைத்தான் விண்ணப்பத்தில் எழுதினேன். மார்க்கையும் எழுதினேன். வேறு என்ன எழுத வேண்டும் இவர்களுக்கு?

ஜூலை 3, வியாழன்

பதில் வந்துவிட்டது. வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

“வணக்கம். உங்கள் விண்ணப்பத்தைப் படித்தோம். விவரங்கள் நன்றாக உள்ளன. சம்பா விதை வேலை தொடங்கியதும் பார்க்கலாம். — சாவித்திரி, ஆய்வகப் பொறுப்பாளர்.”

அவ்வளவுதான். எடுத்துக்கொண்டோம் என்று இல்லை, இல்லை என்றும் இல்லை. நன்றாக உள்ளன என்றால் எடுக்க வேண்டியதுதானே? சம்பா வேலை என்றைக்குத் தொடங்கும்? நான் பதினெட்டாம் தேதிக்குள் கடிதம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். அதைப் படிக்கவில்லையா, படித்துவிட்டுத்தான் இப்படியா?

இருபது தடவையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கிறது. எரிச்சலாக வருகிறது.

ஜூலை 4, வெள்ளி

நஃபீசாவிடம் காட்டினேன். என் வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுக்குத்தான். “வேணாம்னா பதிலே போட மாட்டாங்கடி. நல்லாருக்குன்னு வேற எழுதிருக்காங்க. கன்ஃபார்ம். ட்ரீட் எப்ப?” என்றாள்.

சாயந்திரம் அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவே இல்லை.

“உங்க சித்திய மொதல்ல பாத்துட்டுப் போனாங்க பாரு, அவங்களும் இப்புடித்தான். வடை பஜ்ஜி எல்லாம் தின்னுட்டு, பொண்ணு லட்சணமா இருக்கு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறோம்னாங்க. இருபத்திரெண்டு வருசமாச்சு. இன்னும் சொல்லியனுப்புறாங்க.”

“அப்ப இல்லங்கிறியா?”

“நான் எதுக்குடி சொல்றேன். அவங்க சொல்லிட்டாங்கல்ல.”

ஜூலை 5, சனி

சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் டேவிட்சனுக்கும் அனுப்பினேன். பதில்: “ரிஜெக்ட்டத்தான் இப்புடி நாசூக்கா எழுதுவாங்க. வேற எடம் பாரு.” மூன்று நிமிடத்தில் தீர்ப்பு. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

துறைத்தலைவர் பரணிதரன் சாரிடம் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“இது லெட்டர் இல்லம்மா. லெட்டர்ஹெட்ல தேதி போட்டு வரணும்.”

“ஃபோன் பண்ணிக் கேக்கட்டுமா சார்?”

“பாத்துக்கம்மா. பெரிய கம்பெனி. நச்சரிக்கிறோம்னு நெனச்சா உள்ளதும் போயிடும்.”

நஃபீசாவும் அதையே சொன்னாள். அம்மாவும் அதையே சொன்னாள். பெரிய இடத்தில் ஒரு தடவை சொன்னதைத் திருப்பிக் கேட்கக் கூடாதாம். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லையே, அதற்கு என்ன செய்வது?

மதியம் கேன்டீனில் உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தேன். மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் மேலான, தொந்தரவுக்கு மன்னிக்கவும் — ஏழு வரி போய்விட்டது, கேட்க வந்த கேள்வி இன்னும் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

சொன்னவர்கள் மேல் கோபப்பட்டு என்ன. அழித்தது நான்.

ஜூலை 9, புதன்

அப்பா வயலிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, சாப்பிட உட்காரும்போது மெதுவாக ஆரம்பித்தார். “அரசி, நான் வேணா பஞ்சநதம் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிவைக்கட்டா?”

பஞ்சநதம் ஐயாவுக்கு எங்கள் ஊரில் உரக்கடையும் நாற்பது ஏக்கரும் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு விதைநெல் விளைத்துக் கொடுப்பவர். முதலாளியை வாடா போடா என்று பேசக்கூடியவர்.

“வேணாம்பா.”

“ஏன் வேணாங்கிற? அவரு பேச்சுக்கு அங்க மரியாத இருக்கு.”

“எனக்கு மார்க் இருக்குப்பா.”

“மார்க்கு உள்ளவங்க ஊருக்குப் பத்துப் பேரு இருக்காங்க.” அப்புறம் அந்த மெஷின் கதை. மூன்று வருடம் முன்பு தை அறுப்புக்கு ஆத்தூர்ப் பக்கமிருந்து அறுவடை மெஷின் வந்தது. வரிசைப்படி நம் வயலுக்கு வரும் என்று அப்பா வரப்பிலேயே காத்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் புரோக்கரிடம் ஆள் வைத்துச் சொல்லிவைத்திருந்தார்கள். மெஷின் நம் வயலைத் தாண்டித் தாண்டிப் போனது. ஆறாம் நாள் மழை. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது. “அன்னைக்குக் கத்துக்கிட்டேன். யாராச்சும் சொல்லணும். சொல்லாம இங்க எதுவும் நகராது.”

“அது மெஷினுப்பா. இது என் படிப்பு. நீங்க மட்டும் ஐயாகிட்ட போனீங்க, கெடைச்சாலும் நான் போக மாட்டேன்.”

அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஜூலை 10, வியாழன்

அப்பாவும் நானும் பேசவில்லை. நடுவில் அம்மாதான் தபால்காரி.

ஜூலை 12, சனி

அனுப்பிவிட்டேன். மூன்றே வரி. “என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறீர்களா? சம்பா விதை வேலை எந்தத் தேதியில் தொடங்கும்? கல்லூரிக்கு 18ஆம் தேதிக்குள் கடிதம் தர வேண்டும்.” தொந்தரவுக்கு மன்னிக்கவும் எல்லாம் இல்லை. நான் ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

மூன்று வரிக்கு ஒன்பது நாள். என்னைச் சொல்லணும்.

ஜூலை 14, திங்கள்

மதியம் பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. கல்லூரி லேப் வாசலில் நின்று எடுத்தேன்.

“விதைக் கம்பெனி ஆபீஸ்லேருந்து பேசுறோம். விண்ணரசிதானே? உங்க பேரு போட்டாச்சு. நாளைக்கு வந்து லெட்டர வாங்கிக்கங்க.”

அந்த ஒரு நிமிடம் தலைகால் புரியவில்லை. நஃபீசா தோளைப் பிடித்து உலுக்கினேன். என் மூன்று வரிக்குப் பதில் வந்துவிட்டது, கேட்டால் கிடைக்கிறது, இத்தனை நாள் பயந்து செத்தேனே என்று நினைத்தேன். அந்த ஆள் இன்னும் லைனில்தான் இருந்தார்.

“ஐயா சொன்னதும் மொதலாளி உடனே போடச் சொல்லிட்டாரு.”

“எந்த ஐயா?”

“என்னங்க இப்புடிக் கேக்குறீங்க. பஞ்சநதம் ஐயாதான்.”

வீட்டுக்கு வந்தால் கேசரி வாசனை. அப்பா வெள்ளிக்கிழமையே ஐயா வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கிக்கொண்டு. அம்மாவுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் சனிக்கிழமை அந்த மூன்று வரியை அனுப்பும்போது வேலை முடிந்துபோய்விட்டது.

கத்தினேன். பக்கத்து வீட்டுக் காளியம்மாள் அக்கா வேலியருகே வந்து நின்றதும் கத்தினேன். என்ன கேட்டேன் நான்? ஒரே ஒண்ணு. போகாதீங்கன்னேன். நூறு நூறா அஞ்சு வருசம் உட்கார்ந்து எண்ணினது நானு, ராத்திரி பகல்னு படிச்சது நானு, எழுதினது நானு. கடைசில யாருக்குக் குடுத்தாங்க? பஞ்சநதம் ஐயாவுக்குக் குடுத்தாங்க. எனக்கா குடுத்தாங்க?

அப்பா சொன்னது ஒன்றுதான்: “லெட்டர் வருதுல்ல.”

கேசரியைத் தொடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

போனேன். ஏன் போனேன்? எழுதியது யார் என்று முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

கவுண்டரில் கடிதத்தைக் கொடுத்தார்கள். அழகான லெட்டர்ஹெட், தேதி, முத்திரை, எல்லாம் சரி. வாங்கிக்கொண்டு ஆய்வகம் எங்கே என்று கேட்டுப் போனேன். சாவித்திரி மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். மேசை விளக்கின் கீழே நெல்லைக் குவித்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஐயா வீட்டுப் பொண்ணா?”

“இல்ல மேடம். நான் விண்ணரசி. குழந்தைராஜ் பொண்ணு. அவருக்கும் எங்களுக்கும் ஒரு உறவும் கெடையாது.”

அப்போதுதான் பார்த்தார். நான் எதையும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன், ஏன் மேடம் அப்படி எழுதினீங்க, நேரா எழுதக் கூடாதா என்று.

“நேரா என்னத்த எழுதுறது? எனக்கு ரெண்டு பேர் அப்ளிகேஷன் புடிச்சிருந்துச்சு. உன்னுது, குத்தாலத்துப் பொண்ணு செம்மொழியோடது. சம்பா வெத சாம்பிள் வர ஆரம்பிச்சதும் ரெண்டு பேரையும் ஒரு நாள் கூப்புட்டு மொளப்பு எண்ண வச்சுப் பாத்து, ஒருத்தர எடுக்கலாம்னு இருந்தேன். மேல ஒத்துக்கணும். ஒத்துக்கறதுக்கு முன்னாடி எழுதி மாட்டிக்கவா? ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் போட்டேன். அவ மறுநாளே போன் பண்ணி எப்ப வரணும்னு கேட்டா. உன்கிட்டேருந்து ஒண்ணும் வரல.”

“சனிக்கிழமை மெயில் போட்டேன் மேடம்.”

“வெள்ளிக்கிழமையே மொதலாளி கூப்புட்டுச் சொல்லிட்டாரு. இனிமே எண்ண வைக்க என்ன இருக்கு? அந்தப் பொண்ணுக்கு நேத்து நான்தான் போன்ல இல்லன்னு சொன்னேன்.”

எதற்கு இல்லை என்று அவள் கேட்டாளாம். மேடம் பதில் சொல்லவில்லையாம். என்னிடம் இதைச் சொல்லும்போதும் மேடம் நெல்லைத்தான் தள்ளிக்கொண்டிருந்தார்.

பேருந்தில் வரும்போது கடிதம் மடியில் இருந்தது. முகம் தெரியாத ஒருத்தி மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவில்லை. மறுநாளே போன் பண்ணினாளாமே. எவ்வளவு சுலபமாகப் பண்ணியிருக்கிறாள். அவள் இடத்தைத்தான் நான் மடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

காலையிலேயே மேடத்துக்குப் போன் செய்தேன். கடிதம் வேண்டாம், முதலில் நினைத்தபடி இரண்டு பேரையும் எண்ண வைத்துப் பாருங்கள் என்றேன்.

“மொதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?”

“நானே வேணாம்னேன்னு எழுதித் தர்றேன் மேடம். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

 “நல்லா யோசிச்சுக்க. தோத்தா ஒண்ணும் கெடையாது. நாளைக்குப் பத்து மணி.”

வீட்டில் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா முதலில் சிரித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்து. அப்புறம் கத்தியது அவர்.

“அவரு பூஜை முடியுற வரைக்கும் ஒரு மணி நேரம் கேட்டுக்கு வெளிய நின்னேன்டி. உங்க அண்ணனுக்காகக்கூட நான் எவன் வாசல்லயும் நின்னதில்ல. இப்ப அவரு மூஞ்சில நான் எப்புடி முழிக்கிறது?”

“அந்தக் குத்தாலத்துப் பொண்ணுக்கும் அப்பா இருக்காருப்பா.”

“அவரும் யாரையாச்சும் புடிச்சுச் சொல்லியிருக்கணும்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? அவர் ஒரு மணி நேரம் நின்றதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஜூலை 17, வியாழன்

தோற்றுவிட்டேன்.

செம்மொழி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரி, கையில் ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். அவளும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு தட்டு. ஈரத்தாளில் சுருட்டிப் பதினான்கு நாள் முளைக்கவைத்த நூறு விதைகள். நல்ல நாற்று எத்தனை, கோணல் எத்தனை, முளைக்காதது எத்தனை என்று எழுதித் தர வேண்டும். இரண்டு தட்டையும் மேடம் முன்பே எண்ணி வைத்திருந்தார்.

நான் இருபது நிமிடத்தில் முடித்தேன். அவளுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. தொண்ணூற்றொன்று நல்லது என்று எழுதிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு நாற்றையும் எடுத்து, வேரைப் பிரித்து, விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஐம்பது நிமிடம்.

மேடம் என் தட்டில் இருந்து ஆறு நாற்றை எடுத்து வரிசையாக வைத்தார். மேலே பச்சையாக நன்றாகத்தான் இருந்தன. கீழே வேர் குட்டையாக நின்றுபோயிருந்தது. “இது வயல்ல நிக்காது. ஈரச்சாக்குல மொளச்சாப் போதும்னு எண்ணிப் பழகிட்ட.” செம்மொழியின் எண்ணிக்கையில் ஒன்றுதான் தவறு.

ஐந்து வருடமாக நான் அப்பாவுக்குச் சொன்ன எண்ணிக்கை எல்லாம் தப்பா?  கையெழுத்துப் போட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாசலில் செம்மொழி, “நீங்கதான் திரும்பக் கூப்பிடச் சொன்னீங்களாமே” என்றாள். ஆமாம் என்றேன். தேங்க்ஸ் என்றாள். எனக்கு அந்தத் தேங்க்ஸ் வேண்டாம். எனக்கு அந்த ஆய்வகம் வேண்டும். அதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

நூலகப் பட்டியலில் என் பெயர். பரணிதரன் சார், “கெடச்சதுன்னு சொன்னியேம்மா” என்றார். கிடைத்தது சார் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து அப்பாவும் நானும் நடந்து வந்தோம். எதிரே பஞ்சநதம் ஐயா புல்லட்டில் வந்தார். எப்போதும் நிறுத்தி அப்பாவிடம், என்ன குழந்தைராஜ், குறுவைக்குக் களை எடுத்தாச்சா என்று கேட்பார். இன்று நிறுத்தவில்லை. அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டது காற்றில் போனது.

அப்பா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. வீடு வரும்வரை தலையைக் குனிந்தே நடந்தார். ஒரு பெரிய மனுஷன் வண்டியை நிறுத்தாமல் போனதற்கு இவர் இப்படிக் குறுகிப்போக வேண்டுமா? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபமாக இருக்கிறது. என் மேலும்தான்.

ஜூலை 29, செவ்வாய்

நாற்பது பக்கத்தில் பதினொன்று. தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மேடத்துக்கு ஒரு மெயில். யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் காட்டவில்லை. “வேர் பார்த்து எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும். இனி எனக்கு அங்கே ஏதாவது இடம் உண்டா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.” படித்துப் பார்த்தால் சண்டைக்குப் போவது மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பதில்:

“குறுவைக்கு அடுத்த தாளடி விதை மாதிரிகள் வரும்போது, செப்டம்பர் 13 முதல், சனிக்கிழமைகளில் எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும். கடிதம் கிடையாது. கல்லூரிப் பயிற்சியில் சேராது. பின்னால் வேலை கிடைப்பதற்கு நான் பொறுப்பில்லை. காலை எட்டு மணிக்கு இருக்க வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா? — சாவித்திரி.”

அம்மா அடுப்படியிலிருந்து என்ன மெயில் என்று கேட்டாள். அப்பா கொல்லையில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் இரண்டு பேரிடமும் சொன்னேன்.